ஐந்து சொல்லுக்கும் ஒரே சோம்பலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மாணவர் பகுதியில் சென்ற வாரம் வெளியான ஆங்கிலச் சொற்பட்டியலில் லேசி, ஐடில், ஸ்லோத், இன்டலன்ட், லெதர்ஜி ஆகிய ஐந்துக்கும் 'சோம்பல்' என்ற ஒரே பொருள் தரப்பட்டிருந்ததைக் கண்டு மனம் வருந்தி இதனை எழுதுகிறேன். களுவாஞ்சிக்குடியில் நெடுங்காலம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவள் நான். இப்படிப் படித்த பிள்ளை எங்கே தடுமாறும் என்பதை அறிவேன்.

அண்மையில் எங்கள் அயலில், நீரிழிவு உள்ள ஒரு மூதாட்டியின் பாதப் புண்ணைப் பார்த்து மருத்துவர் எழுதிய துண்டில் 'இன்டலன்ட் அல்சர்' என்றிருந்தது. பத்தாம் தரம் படிக்கும் பேரன், "அம்மம்மா, இது சோம்பேறிப் புண்ணாம்" என்று வாசித்துக் காட்ட, அவரும் அது தன்பாட்டில் கிடக்கும் என்றெண்ணி இரண்டு நாள் மருந்து கட்டாமல் விட்டுவிட்டார். இலத்தீனில் 'டொலேரே' என்றால் நோதல். அதன் முன்னே எதிர்மறையான 'இன்' சேர்ந்து, நோவில்லாதது என்பதே அச்சொல்லின் முதற்பொருளாயிற்று. நோகாமலும் எளிதில் ஆறாமலும் இழுபடும் புண்ணை மருத்துவர்கள் இன்றும் அப்படித்தான் குறிக்கிறார்கள். உடம்பு நோக விரும்பாதவன் என்று பொருள் நகர்ந்த பிறகே அது சோம்பேறியைச் சுட்டியது. நோவு தெரியாததுதான் நீரிழிவுக்காரரின் காலுக்கு ஆபத்து என்பதை அந்தப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னேன்.

'ஐடில்' பழைய ஆங்கிலத்தில் வெறுமையைக் குறித்தது. விதைக்காமல் சும்மா கிடக்கும் வயலையும், ஓடாமல் நின்றபடி உறுமும் முச்சக்கர வண்டியின் எஞ்சினையும் அச்சொல்லால் சொல்லலாம். அவற்றைச் சோம்பேறி என்போமா? 'ஸ்லோத்' மந்தம் என்னும் 'ஸ்லோ'விலிருந்து பிறந்தது. 'லேசி' 16ஆம் நூற்றாண்டில் எழுத்தில் வந்த சொல். அதன் வேர் பற்றி அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடில்லை.

'லெதர்ஜி'யில் இரண்டு கிரேக்கச் சொற்கள் உள்ளன: மறதியைக் குறிக்கும் 'லெத்தே', வேலையற்றது எனப் பொருள்படும் 'ஆர்கோஸ்'. 1894இல் கண்டறியப்பட்டு, எதனோடும் இலகுவில் சேராத வாயுவுக்கு ஆர்கன் என்ற பெயர் வந்ததும் இந்த 'ஆர்கோஸ்' வழியாகத்தான். பட்டியலில் இடம்பெறாத 'புரொக்ராஸ்டினேட்' என்ற சொல்லுக்குள் இலத்தீனின் 'க்ராஸ்', அதாவது 'நாளை' இருக்கிறது. "மறுகா செய்வம்", அதாவது பிறகு செய்வோம், என்று நாம் தள்ளிப்போடுவதும் அதுவே.

தமிழில் இந்த வேறுபாடுகளுக்குச் சொற்பஞ்சம் இல்லை. திருக்குறளின் 605ஆம் பாட்டு நெடுநீர், மறவி, மடி (சோம்பல்), துயில் என்று நான்கையும் வேறு வேறாகவே எண்ணுகிறது. காலம் நீட்டித்தலாகிய நெடுநீர் இருக்க, 'புரொக்ராஸ்டினேட்' என்பதற்கும் நாம் ஏன் சோம்பலையே எழுத வேண்டும்? "எழும்பப் பஞ்சியாக் கிடக்கு" என்று நம் வீடுகளில் சொல்லும் பஞ்சியும், என் காதுக்கு, அந்த நேரத்து மனமின்மையே. அதைச் சொன்ன பிள்ளை சோம்பேறி ஆகிவிடாது.

ஆதலால் அப்பட்டியலைத் திருத்தி, ஒவ்வொரு சொல்லுக்கும் அதன் வேரையும் பொருத்தமான தமிழ்ச் சொல்லையும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் சேர்த்து மீண்டும் வெளியிடுமாறு வேண்டுகிறேன். இடம் போதாவிட்டால் ஒரு வாரத்துக்கு இரண்டு சொற்கள் மட்டும் வந்தாலும் போதும். 'இன்டலன்ட்' முதலில் வரட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
களுவாஞ்சிக்குடி.