வார்டுக்குப் புதிதாக வருபவர்கள்

அன்புள்ள மகளுக்கு,

வார்டு பொறுப்பு கிடைத்த செய்தியை நீ தொலைபேசியில் சொன்னபோது, பதினொரு செவிலியர்கள் உன் கீழ் வேலை செய்வதாகக் கூறினாய். ஏஜென்சி மூலம் வரும் துப்புரவுப் பணியாளர்களை நீ அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பது பேசி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, எங்கள் அறுவைச் சிகிச்சை வார்டில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த ஒரு பெண்ணின் விரலில், பிளாஸ்டிக் கழிவுக்கான சிவப்புப் பையைக் கட்டும்போது, உள்ளே எங்களில் யாரோ தவறிப் போட்டிருந்த ஊசி ஏறிவிட்டது. சொன்னால் சூப்பர்வைசர் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார் என்று பயந்து நான்கு நாட்கள் அவர் வாய் திறக்கவில்லை. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக் கூடுமானால் இரண்டு மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 72 மணி நேரத்துக்குள்ளும் தொடங்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பதிவேட்டில் எழுதுவதற்காக அவருடைய பெயரைக் கேட்டேன். இரண்டு மாதங்களாக என் வார்டைப் பெருக்கித் துடைத்தவரின் பெயரை நான் கேட்டது அன்றுதான்.

அவருக்குக் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசியும் போடப்பட்டிருக்கவில்லை. ஊசிக்குத்தால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்றுதான். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றும் வாய்ப்போ நூற்றுக்கு முப்பது வரை போகும். ஆனாலும் எல்லோரும் முதலாவதற்கே நடுங்குகிறார்கள். அன்றே முதல் தவணையைப் போட்டோம். மூன்றாவது தவணைக்கு நாள் வருவதற்குள் ஏஜென்சி அவரை வேறு எங்கோ மாற்றிவிட்டது. கடைசி இரத்தப் பரிசோதனையின் முடிவு என்னவாயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளை எடுத்துப் படித்துப் பார். வேலையில் சேரும்போதும் அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் பயிற்சி அளிப்பதும், ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போடுவதும் மருத்துவமனையின் கடமை என்று அவை சொல்கின்றன. மருத்துவப் பணியாளர்களோடு கழிவைக் கையாளும் மற்றவர்களையும் சேர்த்தே சொல்கின்றன. அந்த மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று பிரித்துப் பார்க்கவில்லை. ஆகவே, ஏஜென்சி பார்த்துக்கொள்ளும் என்று நிர்வாகத்தில் யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதே. தவணைகள் பூஜ்யம், ஒன்று, ஆறு மாதங்களில் வருகின்றன. ஆட்களோ மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறார்கள். தடுப்பூசி அட்டை உன் அலுவலகக் கோப்பில் இருந்து பயனில்லை. அதை அவர்கள் கையில் கொடுத்து, அடுத்த தவணைக்கு எந்த மருத்துவமனையில் இருந்தாலும் இதைக் காட்டிக் கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பு.

முதல் நாள் பயிற்சியைச் சூப்பர்வைசரிடம் விட்டுவிடாமல், அரை மணி நேரம் ஒதுக்கி நீயே சொல்லிக்கொடு. சுவரில் ஒட்டிய படத்தைக் காட்டினால் போதாது. இரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு, சலைன் ட்யூப் சிவப்புப் பைக்கு, ஊசியும் பிளேடும் வெள்ளைப் பெட்டிக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு என்று பயன்படுத்தாத பொருள்களைக் கையில் கொடுத்துப் போடச் சொல். கோயம்புத்தூரில் இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வருபவர்கள் பலர். தமிழில் சொன்னதற்குத் தலையாட்டினால் புரிந்தது என்று பொருளல்ல. பையை அமுக்கக் கூடாது, தவறாக விழுந்ததை எடுக்க உள்ளே கை விடக் கூடாது, செவிலியரைக் கூப்பிட வேண்டும் என்பதை மட்டுமாவது அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு சொல்ல வை. தவறாகப் போடுவது பெரும்பாலும் நம்மவர்கள்தான் என்பதால், உன் செவிலியர்களுக்கும் அதே கூட்டத்தில் ஒரு நாற்காலி போடு.

ஊசி குத்தினால் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவிவிட்டு உடனே உன்னிடம் வர வேண்டும் என்று சொல்லும்போது, வேலை போகாது என்றும் சொல்லத் தோன்றும். அந்த உறுதியைக் கொடுக்கும் அதிகாரம் உனக்கு இல்லை. நிர்வாகத்திடமும் ஏஜென்சியிடமும் எழுத்தில் வாங்கிய பிறகே சொல். வெறும் ஆறுதலை நம்பி வந்தவர் வேலை இழந்தால், அதன்பின் எவரும் உன்னிடம் வர மாட்டார்கள்.

தடித்த ரப்பர் கையுறை அவரவர் கைக்குப் பொருந்துகிறதா, அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், கூலியில் பிடிக்கும் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுப் பணத்துக்கு எண் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் கேட்டுக்கொள். நீ பகலில் இருப்பதால் இரவுப் பணிக்கு வருபவர்களைப் பார்த்திருக்க மாட்டாய். முதல் மாதத்திலேயே ஓரிரு நாட்கள் இரவு பத்து மணிக்குப் போய் அவர்களோடும் பேசிவிட்டு வா.

அன்புடன்,
அம்மா