கிணற்று மண்ணைக் கொஞ்சம் விட்டு வையுங்கள்: கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கு ஒரு திறந்த மடல்

புதுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர்களுக்கும், ஏரி தூர் வாரும், கிணறு வெட்டும் வேலைகளை எடுத்துச் செய்யும் எல்லோருக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். சேதராப்பட்டு, கரசூர், துத்திப்பட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் வழுதாவூர் என்று இந்த வட்டாரத்தில் எங்கே ஆழமாகத் தோண்டினாலும், வெளியே வரும் மண்ணை அன்றைக்கே லாரியில் ஏற்றிப் பள்ளம் தூர்க்க அனுப்பிவிடாதீர்கள். ஓர் ஓரமாகக் கொட்டி, ஒரு நல்ல மழை பெய்யும் வரைக்குமாவது விட்டு வையுங்கள். அதில் கிடக்கும் புதைபடிவங்களை, அதாவது கல்லாகிப்போன பழங்காலக் கடல் பிராணிகளை, தேடிப் பொறுக்கும் பழக்கமுள்ள எங்களைப் போன்றவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறோம்.

மழை எதற்கு என்றால், தோண்டிய அன்று எல்லாமே களிமண் உருண்டையாகத்தான் தெரியும். மழை களியைக் கரைத்த பிறகுதான் சிப்பியும் நத்தை ஓடும் தனியாகத் தலைகாட்டும். நல்ல நேரமாக இருந்தால் அம்மோனைட் கிடைக்கும். சுருண்ட ஓட்டுக்குள் கணவாய் மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு கடலில் நீந்திய பிராணி அது. சாளக்கிராமம் பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும், அந்தக் கல்லில் இருக்கும் சுருளும் அம்மோனைட்தான். சுருளாமல் நேராக, விரல் தடிமனில் ஒரு துண்டு கிடைத்தால் அது பாக்குலைட்ஸ் என்ற நேரான அம்மோனைட் வகையாக இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் துடைத்துச் சாய்வெயிலில் திருப்பிப் பாருங்கள், கொத்தமல்லி இலையின் ஓரம் போல நெளிநெளியாகக் கோடுகள் ஓடும். ஓட்டின் உள்ளே அறை அறையாகப் பிரித்த சுவர்கள் வெளிச்சுவரைத் தொட்ட இடங்கள் அவை. சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முந்திய கோடுகள், அழியாமல் அப்படியே இருக்கின்றன. இதைக் கையில் வைத்துப் பார்த்த எந்தப் பள்ளிப் பிள்ளையும் மறக்காது.

அரியலூரில் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிக்கொண்டே இருப்பதால் பாறை எப்போதும் வெளியே தெரிகிறது, வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. நம் பக்கம் அப்படி இல்லை. தரை சமதளம், மேலே வண்டலும் செம்மண்ணும் மூடிக் கிடக்கின்றன, ஒரு காலத்தில் கடலடியில் படிந்து உருவாகி அடியில் இருக்கும் பாறையை யாராவது தோண்டினால்தான் பார்க்க முடியும். அதனால்தான் ஒவ்வொரு கிணறும் எங்களுக்கு முக்கியம். மனை போடும்போது பழைய கிணற்றைத் தூர்த்துவிட்டால் அந்த இடத்தில் பார்க்க இருந்த வாய்ப்பும் போய்விடுகிறது.

இது புதிதாக நாங்கள் கிளப்பும் ஆசையும் இல்லை. 1840-களின் தொடக்கத்தில் சென்னையில் அரசுப் பணியில் இருந்த கேய் என்பவர், பாறை ஆராய்ச்சி அவர் தொழிலே இல்லை, புதுச்சேரிப் பக்கமும் விருத்தாசலம், திருச்சிப் பக்கமும் இந்தக் கற்களைச் சேகரித்தார். அவற்றை ஆராய்ந்த பிரிட்டிஷ் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அம்மோனைட் வகைகளுக்கு பிரம்மா, விஷ்ணு, சிவா, இந்திரா என்று நம் சாமிகளின் பெயர்களையே வைத்தார். அந்தப் பெயர்கள் இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் கையில் எடுத்துப் பெயர் வைத்த கற்களைப் பார்க்க லண்டன் போக வேண்டும். சேதராப்பட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. எனக்கு இது மனசுக்கு ஆறவே இல்லை.

அப்புறம் இன்னொரு விஷயம், எந்த ஆழத்தில் கிடைத்தது என்பது. டைனோசர்களோடு அம்மோனைட்டும் அழிந்துபோனது 6.6 கோடி வருஷத்துக்கு முன்னால். அந்தக் காலத்துக்கு முந்திய பாறை, பிந்திய பாறை இரண்டுமே இந்த வட்டாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. எத்தனை அடியில் என்ன மண், அதில் என்ன கிடைத்தது என்று வேலை நடக்கும்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும், படித்தவர்கள் அதிலிருந்து நிறையச் சொல்வார்கள். எழுதாமல் விட்டால், எவ்வளவு அழகான அம்மோனைட்டாக இருந்தாலும் அதன் கதையில் பாதி போச்சு.

எங்கள் பக்கமும் சில பொறுப்புகள் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்காரரைக் கேட்காமல் உள்ளே வர மாட்டோம். கிணற்றுச் சுவரில் சுத்தியல் வைக்க மாட்டோம், கொட்டிய மண்ணில் மட்டும்தான் தேடுவோம். நல்ல துண்டு கிடைத்தால் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குத்தான், வீட்டு ஷோகேஸுக்கு இல்லை. விற்பதற்காகப் பொறுக்குகிறவர்கள் தயவுசெய்து எங்களோடு வர வேண்டாம். பள்ளியில் கண்ணாடி போட்ட ஒரு பீரோ இருந்தால் போதும், சீட்டு எழுதி ஒட்டி அடுக்கித் தருவது எங்கள் வேலை.

பக்கத்தில் திருவக்கரையில் சுமார் இரண்டு கோடி வருஷத்துக் கல்மரங்களை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காக்கிறது, வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிறார்கள். அதைவிட மூன்று மடங்கு பழைய கடல் பிராணிகளுக்கு நம்மிடம் ஓர் அலமாரிகூட இல்லை. 2022-ல் மத்திய சுரங்க அமைச்சகம் இப்படிப்பட்ட இடங்களையும் பொருட்களையும் பாதுகாக்க ஒரு வரைவு மசோதா வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. சரி, சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மண்ணைச் சில நாள் விட்டு வைக்கச் சட்டம் எதுவும் தேவையில்லை, ஒப்பந்தக்காரரிடம் ஆணையர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

இந்தக் கோடையில் தூர் வாரும் பட்டியல் தயாராகும்போது இந்தக் கிராமங்களில் ஏதாவது ஓர் ஏரி அதில் இருந்தால், வேலை தொடங்கும் தேதியை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள். பார்த்துவிட்டு நாங்களே வந்துவிடுவோம்.