மூன்றே முக்கால் நிமிடம்

ஹட்டன்

அன்பின் மச்சான்,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதது என் பிழைதான். திட்டு, ஆனால் ரத்தினம் மாஸ்டரைச் சாட்சிக்கு இழுக்காதே. வீட்டில் எல்லாரும் சுகம். இங்கே ஒரே மழை.

எழுத உட்கார்ந்தது சின்னவளைப் பற்றி. வெளிநாட்டில், அணு உலையை ஒட்டிய ஓர் ஆய்வுகூடத்தில் சேர்ந்துவிட்டாள். விமான எண்ணெயில் உலோகம் தேடுகிற வேலையாம்! லயத்தில் குப்பி லாம்புக்கு ஊற்றினோமே மண்ணெண்ணெய், அதன் பணக்காரத் தம்பிதான் ஜெட் ஏ-1. அதில் நூறு கோடிப் பங்குக்குச் சில பத்துப் பங்கு செம்பு சேர்ந்தாலே வினைதான். சூட்டில் எண்ணெய் பிசினாகி எஞ்சினின் தெளிப்பு முனைகளில் படியும். விமானந்தாங்கிக் கப்பல்களில் செம்பு-நிக்கல் குழாய் வழியே போகும் எண்ணெய்க்கு இந்தத் தொல்லை உண்டு.

இத்தனூண்டை எப்படியடி பிடிப்பாய் என்றேன். எண்ணெயை உலைக்குள் அனுப்பி நியூத்திரன் அடி கொடுப்பார்களாம். காபனும் ஐதரசனும் ஏறக்குறையச் சும்மா கிடக்கும். செம்பு, வனேடியம் போன்ற உலோகங்கள் கதிர்வீசத் தொடங்கி, தத்தம் காமா கதிரால் தாமே பெயர் சொல்லிவிடும். 1936-இல் ஹெவெசி, ஹில்டே லெவி என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்ட வித்தை.

வனேடியத்துக்குத்தான் அவசரம். அரைவாழ்வுக் காலம், அதாவது கதிர்வீச்சு பாதியாகக் குறையும் நேரம், 3.75 நிமிடம். பிளேன்டீ குடித்து அரை மணி கழித்து வந்தால் 250-இல் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதனால் சிமிழைக் காற்றுக்குழாயில் சீறவிட்டு எடுக்கிறார்கள். அந்தச் சிமிழுக்கு 'முயல்' என்று பெயராம். காலை பஸ்ஸுக்கு நீ ஓடிய ஓட்டம் ஞாபகம் வந்தது.

"சரி, ஈயம்?" என்று மடக்கினேன். "அது இந்த முறைக்குப் பிடிபடாதப்பா" என்றாள். அன்று முழுக்க எனக்கு ஒரே பெருமை.

ஆனால் மச்சான், இரவில் தூக்கம் வருவதில்லை. முப்பது வருடம் பௌதிகவியல் கற்பித்தவன் நான். சட்டையில் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் குத்தியிருக்கிறாள், அளவைத் தவறாமல் பார்க்கிறார்கள், எல்லாம் தெரியும். "ஒன்றும் ஆகாது" என்று அவள் அம்மாவுக்குப் பாடமும் எடுக்கிறேன். இரண்டு நாள் போன் வராவிட்டால் அந்தப் பாடம் எனக்கே மறந்துபோகிறது.

உன் மூத்தவன் எக்ஸ்ரே எடுக்கிறவன்தானே. பத்து வருடமாக அந்த வேலையில் இருக்கிறானே, எப்படி இருக்கிறான் என்று எழுது. கேட்டது என் மனைவி என்று அவனிடம் சொல்.

உன்,
சந்திரன்