படலைக்கு வெளியே நின்றவர்களுக்கு நன்றி

நன்றி நவிலல் என்று தலைப்புப் போட்டால் யாழ்ப்பாணத்தில் முதலில் படத்தைத்தான் தேடுவார்கள்: யார் போனது, எத்தனையாம் நாள் என்று. படம் இல்லை, யாரும் போகவில்லை. மாட்டுவண்டிச் சவாரிப் பந்தயத்தில் ஓடும் எங்கள் காளைச் சோடி, வெள்ளையனும் மயிலையனும், காலிலும் வாயிலும் கொப்புளம் போடும் கால்-வாய் நோயிலிருந்து (கோமாரி) தேறி, கொட்டிலில் நின்று அசைபோடுகிறார்கள். மாடுகளை வெளியே அவிழ்க்கக் கூடாது என்றிருந்த தடை நேற்று நீங்கியது. நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும், அதை மறுபடியும் எழுதப் போவதில்லை. நன்றி சொல்லாமல் இன்னோர் இரவு எனக்குத் தூக்கம் வராது, அவ்வளவுதான்.

முதல் நன்றி எங்கள் வீட்டுக்கு வராமல் இருந்தவர்களுக்கு. கிண்டலாகச் சொல்லவில்லை. நோய் என்று கேள்விப்பட்டும் போய்ப் பார்க்காமல் இருந்தால் நம்மூரில் அது பரம்பரைப் பகையாகிவிடும். சவாரி மாட்டுக்கு நோய் என்றால் சொல்லவே வேண்டாம். வலிகாமத்தில் ஒரு சோடி தீனியை மறுத்தால் பின்னேரத்துக்குள் தென்மராட்சியிலிருந்தும் மோட்டார் சைக்கிள்கள் வந்து நிற்கும். வாயைத் திறந்து பார்ப்பார்கள், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், ஆளுக்கொரு கை வைத்தியம் சொல்வார்கள், அதே கையோடு தங்கள் கொட்டிலுக்குப் போவார்கள். கால்-வாய் நோய்க் கிருமிக்கு அதுதான் வேண்டும். செருப்பில் ஒட்டிய சாணத்திலும், டயரிலும், எச்சில் பட்ட உடுப்பிலும் ஏறிப் பயணம் போகும். இந்த முறை ஒருவரும் படலையைத் திறக்கவில்லை. என் கணவர், இவரோடு ஒன்றாக நாம்பன் (இளங்காளை) பழக்கியவர்கள்கூட ஒழுங்கை முகப்பில் கட்டியிருந்த கயிற்றுக்கு அப்பால் நின்று, கையைக் காட்டிவிட்டுத் திரும்பினார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

சிட்னியில் இருக்கும் பெரியம்மாவின் மகன் ஒரு காலத்தில் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை செய்தவன். விடிந்தால் தொலைபேசியில் வந்து உயிரை எடுத்தான். காலையும் மாலையும் காய்ச்சல் அளந்து எழுதுங்கள், நோய் கண்ட மாட்டுக்குத் தனி வாளி வையுங்கள், பசுவைக் கவனித்த பிறகுதான் காளைகளிடம் போகவேண்டும், அத்தானைச் சாரத்தை மாற்றச் சொல்லுங்கள். 2007 ஆகஸ்டில் அங்கே குதிரைகளுக்கு இன்புளுவென்சா பரவியபோது கற்றுக்கொண்ட பாடமாம். அதுவரை அந்த நாட்டில் இல்லாத நோய். வெளிநாட்டிலிருந்து இறக்கிய குதிரைகளோடு வந்து, தனிமைப்படுத்தும் நிலையத்தையும் கடந்து வெளியேறி, பந்தயங்களையெல்லாம் நிறுத்திவிட்டது. குதிரை வேலி பாய்ந்து ஓடவில்லை. ஆட்களின் உடம்பிலோ கொண்டுபோன பொருள்களிலோ ஒட்டித்தான் கிருமி வெளியே போயிருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவாயிற்று. "மாடு கட்டினால் நிற்கும் அக்கா, ஆட்களைக் கட்டிப் போடுங்கள்" என்றான்.

சவாரியை நிறுத்துவது பற்றி வாசிகசாலையில் கூடிய கூட்டத்துக்கு இவர் போக முடியாது. தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தோம். "என் மாடுகளுக்கு ஒன்றுமில்லை, பிறகு ஏன் நிறுத்த வேண்டும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு வருடம் பிண்ணாக்கும் உழுந்தும் போட்டு வளர்த்தவர். கால்நடை வைத்தியர், அந்த டொக்டர் பிள்ளை, கோபப்படவில்லை. 2001இல் இங்கிலாந்தில் இதே நோய் பரவியபோது செல்டன்ஹாம் குதிரைப் பந்தய விழாவையே கைவிட்டதைச் சொன்னார். குதிரைக்கு இந்த நோய் வராது. பிளவுபட்ட குளம்புள்ள மாடு, ஆடு, பன்றிக்குத்தான் வரும். ஆனால் பந்தயத் திடலில் செம்மறிகள் மேய்ந்திருந்தன, பந்தயம் என்றால் நாடெங்குமிருந்து சனமும் வாகனமும் வரும். "குதிரைக்கு வராத நோய்க்காகக் குதிரைப் பந்தயத்தை விட்டார்கள் ஐயா. மாட்டுக்கு வருகிற நோய்க்கு மாட்டுச் சவாரியை விடமாட்டோமா?" பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திடலைப் பூட்டச் சொன்னவரும் அவர்தான்.

இதெல்லாம் இருக்க, நான் எழுத உட்கார்ந்தது ஒரு மீன்காரத் தம்பிக்காக. பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டான். சங்கானைச் சந்தையில் மீன் எடுத்து, மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாக ஹோன் அடித்துப் போகிறவன். நானும் அவனும் இதுவரை பேசிய பேச்செல்லாம் மீன் விலைதான், அதிலும் பெரும்பகுதி சண்டை. அப்போது நல்லூர்க் கந்தன் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்தது. அந்த 25 நாளும் எங்கள் ஒழுங்கையில் எவர் வீட்டிலும் மீன் சட்டி அடுப்பில் ஏறாது. எங்கள் பக்கம் திரும்ப அவனுக்கு ஒரு காரணமும் கிடையாது.

டொக்டர் பிள்ளை அன்று மாதிரி எடுக்க வந்திருந்தார். இவர் மூக்கில் கோத்த நாணயக் கயிற்றை இழுத்துப் பிடிக்க, வெள்ளையனின் நாக்கை அவர் பக்கவாட்டில் வெளியே எடுத்தார். கொப்புளம் உடைந்து மேல்தோல் உரிந்து, அடியில் சிவந்த சதை தெரிந்தது. தொங்கிய தோலில் நகமளவு துண்டை இடுக்கியால் எடுத்து, சிறு போத்தலில் இருந்த திரவத்துக்குள் போட்டு மூடினார். அது கன்னொருவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போக வேண்டும். இந்த வைரசில் 7 வகை உண்டு. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. எந்த வகை என்று தெரிந்தால்தான் அயலில் உள்ள மாடுகளுக்குப் போடும் ஊசி பலிக்கும். வழியில் சூடேறிக் கிருமி செத்துப்போனால், இருக்கிற நோயே இல்லை என்று முடிவு வரவும் கூடும்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே ஐஸ் பைகள் தண்ணீராகிக் கிடந்தன. நோயில்லாத வீடுகளையெல்லாம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தார், பகல் முழுக்க வெயில். எங்கள் வீட்டில் காலையிலிருந்து மின்சாரம் இல்லை. அயலிலும் இல்லை.

முகப்பில் கிருமி போகக் கால் கழுவ வைத்த சலவைச் சோடாத் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் நின்ற பையன் பெரிய வீதியைப் பார்த்து ஏதோ கத்தினான். ஹோன் சத்தம் நின்றது. தம்பி கயிற்றுக்கு அப்பால் வந்து மீன் பெட்டியைத் திறந்தான். சூடையும் பாரையும் அரைப்பெட்டி விற்காமல் கிடந்தன. ஐஸ் முழுவதையும் அள்ளி, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஷொப்பிங் பை போட்டு இறுக்கிக் கட்டி, கயிற்றுக்குக் கீழே தள்ளிவிட்டுப் பின்னால் போய் நின்றான். அதோடு விடவில்லை. கட்டியாக வைக்காதீர்கள் டொக்டர் அம்மா, தட்டி நொறுக்கி இடைவெளி இல்லாமல் அடையுங்கள், மேலே பேப்பரை மடித்து வைத்து மூடுங்கள், வழியில் திறந்து திறந்து பார்க்காதீர்கள். பேராதனையில் படித்த பிள்ளை ஒழுங்கையில் குந்தியிருந்து, அவன் சொன்னபடியே பையைக் கல்லில் தட்டித் தட்டி நொறுக்கினார்.

"உன் மீன் என்னாவது?" என்று கேட்டேன்.

"மீன் செத்துத்தானே கிடக்கிறது அக்கா. உங்கள் மாடு உயிரோடு நிற்கிறது" என்றான்.

சோடாத் தண்ணீரை வாங்கிச் சில்லுகளுக்கும் காலுக்கும் ஊற்றிவிட்டுப் போனான். மிச்ச மீனைப் பண்டத்தரிப்புப் பக்கம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டானாம். வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அன்று தொட்டு சவாரி மாடு நிற்கும் வீடுகளின் வாசலில் மீன் விற்றானோ இல்லையோ, "அங்கே பார்க்கப் போகாதீர்கள்" என்று சொல்லிக்கொண்டே திரிந்திருக்கிறான். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வராததற்கு ஒட்டியிருந்த அறிவித்தலைவிட அவன் வாய்தான் காரணம் என்பது என் எண்ணம்.

முடிவு வந்தது, ஓ வகை. அயல் மாடுகளுக்கு ஊசி போட்டார்கள். எங்கள் படலையைத் தாண்டி நோய் எந்தக் கொட்டிலுக்கும் போகவில்லை.

பனையோலை கிழித்தும் பூவரசங் குழை ஒடித்தும் வேலிக்கு மேலால் போட்டவர்கள், அறிவித்தல் எழுதிய வாசிகசாலைப் பிள்ளைகள், நேரம் பாராமல் வந்த கால்நடை வைத்தியப் பணிமனையினர், கிராம அலுவலர், பால் இல்லாமல் வெறுந் தேநீர் குடித்தும் முகம் சுளிக்காத வாடிக்கை வீட்டார், வைரவருக்கு எங்கள் பெயரில் விளக்கு வைத்த ஆச்சி, எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. விடுபட்டவர்கள் குறை நினைக்க வேண்டாம், நேரில் வந்து திட்டலாம். இனி வரத் தடையில்லை.

இந்த வருடம் எங்கள் சோடி எந்தத் திடலிலும் இறங்காது. குணமான மாட்டின் தொண்டையில் கிருமி மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கிலும் ஒதுங்கியிருக்குமாம். அதிலிருந்து மற்ற மாட்டுக்குத் தொற்றுவது அரிது என்கிறார் டொக்டர். இருக்கட்டும், மயிலையனின் பின்னங்கால் குளம்பும் இன்னும் சரியாக வளரவில்லை. இங்கிலாந்தில் இன்புளுவென்சா ஊசிப் பதிவு சரியில்லாத குதிரை பந்தயத் திடலுக்குள் நுழைய முடியாதாம். இங்கும் ஊசி அட்டை இல்லாத மாடு திடலில் இறங்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவருவேன் என்று இவர் நிற்கிறார். எதிர்க்கப் போகிறவர்கள் இப்போதே ஆள் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் இவர் பக்கம்.

ஐஸ் காசு இன்னும் கொடுபடவில்லை. கொடுத்தனுப்பினால் திருப்பி அனுப்புகிறான். தம்பி, தீர்த்தம் முடிந்தது, சட்டிகள் அடுப்பில் ஏறிவிட்டன. ஒழுங்கைக்குள் வா. மீன் விலையோடு அதையும் சேர்த்துத்தான் தருவேன், வாங்கத்தான் வேண்டும். பேரம் பேசாமல் வாங்குவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.