ஒரே தொட்டியில் ஃபைட்டரும் மற்ற மீன்களும்: தடுப்புப் பலகை கேட்பவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தொட்டியைப் பலகையால் தடுத்து ஒரு பக்கம் ஃபைட்டர் என்னும் சண்டைமீன் (பெட்டா), மறுபக்கம் கூட்டமாகத் திரியும் டெட்ராவோ தரையில் மேயும் கோரிடோராஸோ விட வேண்டும் என்று நம் கடைக்குப் பலர் வருகிறீர்கள். பலகையை எடுத்துக் கொடுப்பதற்கு முன் தொட்டியின் உள் அளவு என்ன, என்னென்ன மீன், எந்த ஊர்த் தண்ணீர் என்றெல்லாம் கேட்கிறோம். சிலரிடம் "இந்தத் தொட்டிக்கு வேண்டாம்" என்றே சொல்லிவிடுகிறோம். ஏன் என்று விளக்கவே இம்மடல்.

பலகை மீன்களைத்தான் பிரிக்கிறது. தண்ணீர் ஒன்றேதான். ஒரு பக்கம் தீனி மிஞ்சி அழுகினால் அதில் உண்டாகும் அம்மோனியா நஞ்சு மறுபக்கத்துக்கும் போகும். ஒரு பக்கம் வெள்ளைப் புள்ளி நோய் வந்தால் எல்லாப் பக்கமும் வந்ததாகவே கணக்கு. அதனால் இரண்டு அறைக்கும் பொருந்தும் தண்ணீர், வெப்பம், மருந்து எது என்று பார்த்துத்தான் மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் அளவு. ஓரடித் தொட்டியை இரண்டாக்கித் தரச் சொன்னால் செய்து தர மாட்டோம். ஒரு ஃபைட்டருக்கு 15 லிட்டருக்குக் குறையாத இடம் வேண்டும்; கூட்டமாகத் திரியும் மீன்களுக்கு அதைவிட நீளம் வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டியில் 10 அங்குலம் தண்ணீர் நிறுத்தினால் சுமார் 47 லிட்டர். அதில் ஒரு ஃபைட்டரும் ஒரு சின்னக் கூட்டமும் சரி. 3 அடித் தொட்டி (1 அடி அகலம், 15 அங்குல உயரம்) இன்னும் நல்லது. 12 அங்குலத் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட 85 லிட்டர் வரும். இரு ஓரங்களிலும் 10 அங்குலம் விட்டால் ஆளுக்கு 23 லிட்டர் வீதம் இரண்டு ஆண் ஃபைட்டர்கள். நடுவில் 16 அங்குலத்தில் 37 லிட்டர் மற்ற மீன்களுக்கு. ஃபைட்டர்கள் இரண்டும் அடுத்தடுத்து வராமல் நடுவில் வேறு மீன் இருப்பதால் இந்த அமைப்பே எங்களுக்குப் பிடித்தது.

இனி பலகை. கண்ணாடி போல் தெளிந்த அக்ரிலிக் அழகாகத்தான் இருக்கும். ஆனால் எதிரே இன்னொரு ஆணைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஃபைட்டர் நாள் முழுக்கச் செவுளை விரித்து நிற்கும், தீனி எடுக்காது, வாலைத் தானே கடித்துக் கிழித்துக்கொள்ளும். ஆணுக்கு அடுத்த அறையில் பெண் இருந்தாலும் ஓய்வு கிடையாது. ஆண் விடாமல் நுரைக்கூடு கட்டும், பெண் முட்டை சுமந்து தவிக்கும். அதனால் கறுப்பு அல்லது பால் வெள்ளை நிறத்தில், 4 மி.மீ. கனமுள்ள அக்ரிலிக்கையே வெட்டித் தருகிறோம். துளை 3 மி.மீ., துளைக்குத் துளை 2 செ.மீ. இடைவெளி, தண்ணீருக்குக் கீழே அடிவரை துளை இருக்க வேண்டும். வீட்டிலேயே துளையிடுபவர்கள் பின்னால் ஒரு மரப்பலகையை வைத்து, டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். வேகம் கூடினால் அக்ரிலிக் உருகும், இல்லையென்றால் விரியும். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் உப்புத்தாளால் தேயுங்கள். ஃபைட்டரின் நீண்ட துடுப்பு கூரான விளிம்பில் பட்டால் கிழியும், கிழிந்த இடத்தில் அழுகல் பிடிக்கும்.

ஜன்னல் கொசுவலையைக் கட்டித் தடுப்பவர்களும் உண்டு. நைலான் வலை சில வாரங்களில் தொய்ந்து ஓரம் விலகும். கம்பி வலையைத் தொட்டிக்குள் வைக்கவே கூடாது. துத்தநாகமும் தாமிரமும் கரைந்து இறங்கினால் மீனுக்கு நஞ்சு. கறுப்பு ஸ்பாஞ்சைக் கனமாக வெட்டிச் செருகலாம், பார்வையும் மறையும், தண்ணீரும் போகும். ஆனால் அழுக்கு அடைத்துக்கொண்டால் ஓட்டம் நின்றுவிடும். மாதம் ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து அலசும் பொறுமை இருப்பவர்களுக்கு அது சரி.

பொருத்துவதில்தான் பலருக்குத் தவறு நேர்கிறது. அக்ரிலிக்கில் சிலிக்கான் உறுதியாகப் பிடிக்காது. இன்று ஒட்டியது போல் இருக்கும், பிறகு உரிந்து வரும். ஆகவே முன் கண்ணாடியிலும் பின் கண்ணாடியிலும் இரண்டிரண்டு கண்ணாடிப் பட்டைகளை மீன்தொட்டிக்கான சிலிக்கானால் ஒட்டி, நடுவே 5 மி.மீ. பள்ளம் விட்டு, அதில் பலகையைச் செருகுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிக்கான் வேண்டாம். ஒட்டியபின் குறைந்தது 48 மணி நேரம் காய வேண்டும். மழைக்காலத்தில் இன்னும் ஒருநாள் கூட்டிக்கொள்ளுங்கள், புளிப்பு வாடை போன பிறகே தண்ணீர் விட வேண்டும். அக்ரிலிக் ஈரத்தில் சற்று ஊதி வளையும். அதனால் உள் அகலத்தைவிட 2 மி.மீ. குறைத்தே வெட்டுகிறோம். பலகை தரைக் கண்ணாடியைத் தொட்டு நிற்க, இருபுறமும் ஒன்றரை அங்குலம் மணல் அணைக்க வேண்டும். மணல்மேல் நிறுத்தினால் கோரிடோராஸ் கிளறிக் கிளறி அடியில் வழி திறந்துவிடும்.

மேலே மூடியைத் தொடும்வரை பலகை போக வேண்டும். ஃபைட்டர் குதிக்கும் மீன். தண்ணீருக்கு மேல் ஓரங்குலம் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் பலகை அதற்குத் தடையே அல்ல. காலையில் அடுத்த அறையில் சண்டை முடிந்திருக்கும். தொட்டியின் மேல் விளிம்பில் கண்ணாடிப் பட்டை ஓடினால் பலகையின் மூலைகளை அதற்கேற்ப வெட்ட வேண்டும், அதையும் அளந்து வாருங்கள். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையே 2 அங்குலக் காற்று அவசியம். ஃபைட்டர் மேலே வந்து காற்றை எடுத்துத்தான் உயிர் வாழ்கிறது.

ஃபில்டர் ஒவ்வொரு அறைக்கும் தனித்தனி. பவர் ஃபில்டரை ஓர் அறையில் வைத்து நீரை இன்னோர் அறையில் கொட்ட விட்டால், துளைகள் வழியாக வருவதைவிட வேகமாக இழுக்கும். ஒரு பக்கம் மட்டம் இறங்கும், பலகை வளையும், ஃபைட்டர் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். ஒரே ஆக்ஸிஜன் மோட்டாரிலிருந்து வால்வு வைத்துப் பிரித்து, ஃபைட்டர் அறைக்குக் குமிழியைக் குறைத்து விடுங்கள். நீண்ட வாலோடு ஓட்டத்தை எதிர்த்து நீந்தினால் அது களைத்துப்போகும். மோட்டார் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் நான் ரிட்டர்ன் வால்வு கட்டாயம், இல்லையேல் கரண்ட் போனதும் தண்ணீர் திரும்பி மோட்டாருக்குள் இறங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மணிக்கணக்கில் கரண்ட் போகும் ஊர்களில் பேட்டரி மோட்டார் ஒன்று கையில் இருக்கட்டும். ஃபைட்டர் தாக்குப்பிடித்துவிடும். நடு அறை டெட்ராதான் முதலில் மூச்சுக்குத் தவிக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்குள்ளேயே ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. கல்குளம், விளவங்கோடு பக்கத்து மேட்டு நிலத்தில் வெட்டுக்கல் கிணறுகளின் தண்ணீர் பெரும்பாலும் மென்மையானது, லேசாக அமிலத் தன்மை உடையது. ஃபைட்டருக்கு அது நல்லதுதான். ஆனால் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 6-க்குக் கீழே போனால் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மந்தமாகிவிடும். ஃபில்டருக்கு அருகே ஒரு கைப்பிடி கழுவிய கிளிஞ்சலைத் துணியில் கட்டிப் போடுங்கள். கடலோர ஊர்களில் கோடையில் உவர் ஏறும் கிணறுகள் இருக்கின்றன. அந்தத் தண்ணீரில் கோரிடோராஸும் டெட்ராவும் நிற்காது. குழாய்த் தண்ணீரிலும், மழைக்காலத்தில் பிளீச்சிங் பவுடர் போட்ட கிணற்றிலும் குளோரின் இருக்கும். 100 மி.லி. தண்ணீரில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் 10 கிராம் கரைத்து வைத்துக்கொண்டால், சாதாரணக் குழாய்த் தண்ணீருக்கு 20 லிட்டர் வாளிக்கு 3 மி.லி. போதும். அன்றுதான் பிளீச்சிங் போட்ட கிணறென்றால் சில நாள் அதைத் தொடாதீர்கள். மழைக்கு முன்பு ரப்பர் தோட்டங்களில் துரிசு (தாமிர) மருந்து அடிக்கும் நாட்களில், பக்கத்து வீடுகளின் கூரையில் பிடித்த மழைநீரும், அங்கே பொறுக்கிய நாட்டுப் பாதாம் இலையும் தொட்டிக்கு ஆகாது. மருந்து படாத இடத்தில் தானாக விழுந்து காய்ந்த பாதாம் இலை, 30 லிட்டருக்கு ஒன்று, ஃபைட்டருக்கு மிக நல்லது.

நடு அறைக்கு நாங்கள் சொல்வது ஹார்லிக்வின் ரஸ்போரா, எம்பர் டெட்ரா, கோரிடோராஸ். இவற்றில் ஏதாவது ஒன்றை 6 அல்லது 8 சேர்த்து விடுங்கள். நியான் டெட்ராவுக்கு நம் கோடையின் 30, 31 டிகிரி தாங்காது. டைகர் பார்ப் துளை வழியாக நீட்டிய துடுப்பையும் கடிக்கும். கப்பி குட்டி போட்டால் குட்டிகள் 3 மி.மீ. துளையில் புகுந்து ஃபைட்டருக்கு இரையாகும். கௌராமி ஃபைட்டரின் உறவினம், அதைப் பார்த்தாலே ஃபைட்டர் சிலிர்க்கும். கோல்டு ஃபிஷ் தள்ளும் கழிவை இவ்வளவு தண்ணீர் தாங்காது. குஹ்லி லோச் எந்த இடுக்கிலும் நுழைந்து போய்விடும்.

எந்த மீனானாலும், எங்களிடம் வாங்கியதானாலும், தனித் தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்த பிறகே இதில் விடுங்கள். பொதுத் தண்ணீர் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. ஃபைட்டருக்கு மட்டும் துடுப்பு அழுகல் என்றால் தொட்டியில் உப்பு போடாதீர்கள். கோரிடோராஸுக்கு உப்பு ஒத்துக்கொள்ளாது. ஃபைட்டரை 5 லிட்டர் வாளிக்கு மாற்றி, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல் உப்பு கலந்து, தினமும் தண்ணீர் மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். அடிக்கடி நோய் வருகிறதென்றால் துளையில்லாத கண்ணாடியை நிரந்தரமாக ஒட்டி, மூன்று தனித் தொட்டிகளாகவே ஆக்கிவிடுவது மேல். தண்ணீர் குறைவதால் வேலை கூடும், ஆனால் நோய் தாண்டாது.

வாரம் ஒருமுறை கால்பங்கு தண்ணீர் மாற்றும்போது ஒரே அறையிலிருந்து வேகமாக இழுக்காதீர்கள். மட்டம் ஏறி இறங்கிப் பலகை நழுவும். அறைக்கு அறை மாறி மாறி, அடி அழுக்கோடு எடுங்கள். டெஸ்ட் கிட்டில் சோதிப்பதும் ஒவ்வொரு அறையிலும் தனித்தனியாக. ஓர் அறையில் மட்டும் நைட்ரேட் (கழிவு மாறி உண்டாவது) கூடியிருந்தால் துளைகள் பாசியால் அடைத்திருக்கின்றன என்று பொருள், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள்.

கடைக்கு வரும்போது தொட்டியின் உள் அகலம், உயரம், கண்ணாடியின் கனம் மூன்றையும் மி.மீ.யில் எழுதி, அரை லிட்டர் பாட்டிலில் நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரையும் கொண்டுவாருங்கள். இந்த அமைப்புக்கு ஒத்துவராத மீன் ஏற்கெனவே உங்களிடம் இருந்தால் அதையும் கொண்டுவரலாம், நாங்கள் வாங்கிக்கொள்கிறோம். அனந்தனார் கால்வாயிலோ தேரூர்க் குளத்திலோ தயவுசெய்து விடாதீர்கள். சக்கர் மீன் போன்றவை அங்கே பெருகினால் நாட்டு மீனுக்கு இடமிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் நாகர்கோவில் அலங்கார மீன் கடையினர்