உங்கள் அப்பா இம்பாலில் இல்லை, மாரிமுத்து

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள மாரிமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்துவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். கமலாவுக்குக் கண் ஆப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது தானே ஊசியில் நூல் கோக்கிறாள்.

அப்புறம், பேரனின் பள்ளிப் பாடத்துக்காக "கொள்ளுத்தாத்தா நேதாஜி படையில் சேர்ந்து இம்பாலில் சண்டை போட்டார்" என்று எழுதிக் கொடுத்ததாகச் சொல்லியிருந்தாய். கூடவே, "உண்மையில் அப்பா, ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போவான் என்று பயந்துதான் சேர்ந்தார், அதை எப்படித் தியாகம் என்பது?" என்றும் எழுதியிருந்தாய். இரண்டு நாளாக அதே நினைப்புதான் எனக்கு.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து உங்கள் அப்பா சொன்னது நினைவிருக்கிறதா? "அங்க ஊரெல்லாம் கோயில்டா, செங்கல் கோயில், எண்ணி முடியாது. பக்கத்துல ஆறு, கடல் மாதிரி." எத்தனை தடவை கேட்டிருப்போம்! இம்பாலில் அப்படி ஆறும் இல்லை, அத்தனை கோயிலும் இல்லை. அது பர்மாவில் பாகான். ஆறு ஐராவதி. அவர் நின்றது 1945 பிப்ரவரியில், அந்தக் கரையில்.

இம்பால் சண்டை அதற்கு முந்தின வருடம். 1944 மார்ச்சில் ஜப்பானியத் தளபதி முத்தாகுச்சி, மூன்று வாரச் சாப்பாட்டை மட்டும் நம்பி, பர்மாவின் சின்ட்வின் ஆற்றைத் தாண்டி இம்பாலுக்குப் படையை அனுப்பினார். ஏப்ரல் 14-ஆம் தேதி இம்பாலுக்குப் பக்கத்து மொய்ராங்கில் நேதாஜி படையின் சௌக்கத் மாலிக் மூவர்ணக் கொடி ஏற்றினார். இம்பாலுக்கு வடக்கே கோஹிமாவில் துணை ஆணையர் பங்களாவின் டென்னிஸ் திடலுக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை என்று வாரக்கணக்கில் கிடந்தார்கள். பிரிட்டிஷ்காரனுக்கு விமானத்தில் அரிசியும் மருந்தும் வந்தன. இவர்களுக்கு மழைதான் வந்தது. ஜூலையில் திரும்பிய வழியில் பசியிலும் மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஆனால் அங்கே போன இந்திய தேசிய ராணுவத்தின், அதாவது நேதாஜி படையின், முதல் டிவிஷனில் பெரும்பாலோர் சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சரணடைந்த பிரிட்டிஷ் இந்தியப் படையின் பழைய சிப்பாய்கள். துப்பாக்கி பிடித்துப் பழகியவர்கள்.

நம் தோட்டத்து ஆட்கள் அப்படியா? உளியும் வாளியுமாக ரப்பர் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களில் நிறையப் பேர் பிறகு எழுப்பிய படைகளில் இருந்தார்கள். அதில் ஒன்று தில்லோன் என்ற அதிகாரி நடத்திய நேரு பிரிகேட். பாகானையும் பக்கத்து நியாங்குவையும் காக்கச் சொல்லி இவர்களைத்தான் நிறுத்தினார்கள். விமானம் கிடையாது, பீரங்கி கிடையாது. பிப்ரவரி 14 விடியலில் பிரிட்டிஷ் படகுகள் வந்தபோது நியாங்குவில் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு முதல் அலையைத் திருப்பியடித்தார்கள். அப்புறம் எதிர்க்கரையிலிருந்து டாங்கியும் பீரங்கியும், மேலே விமானமும் ஒன்றாக இறங்கின. அதற்கு முன்னால் எவன் நிற்பான்? பாகான் பக்கம் இருந்தவர்கள் வெள்ளைக்கொடியோடு படகில் போனார்கள். உங்கள் அப்பா ஆற்றைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வாரே, ஏன் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. எதிரே படகில் வந்ததும் பிரிட்டிஷ் படையின் ஓர் இந்திய டிவிஷன்தான், மாரி.

இந்தப் பகுதியைப் பேரனிடம் மறைக்காதே. சரணடைந்தவர்கள் கோழைகள் இல்லை. அந்த ஆற்றில் மாட்டியிருந்தால் நீயும் நானும் வேறென்ன செய்திருப்போம்?

இனி ரயில் விஷயம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் வந்து இறங்கியபோது சயாம் தண்டவாளம் இன்னும் போட்டு முடியவில்லை. அக்டோபரில்தான் முடிந்தது, 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து போன தமிழர் பத்தாயிரக்கணக்கில். எத்தனை லயங்களில் ஆண்பிள்ளையே இல்லாமல் போனது என்று நம் அம்மாக்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்த நேரத்தில் ஒருவர், "உனக்கும் ஒரு நாடு உண்டு, அதற்காக நில்" என்றார். மரவள்ளிக்கிழங்கு தின்று, காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் கங்காணியிடம் அடியும் வாங்கியவனுக்கு அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பயத்தில் சேர்ந்தார், சரி. சேர்ந்த பிறகு, பிறந்ததிலிருந்து கண்ணால் பார்க்காத ஒரு தேசத்துக்காக அந்த ஆற்றங்கரையில் நின்றாரா இல்லையா? எனக்கு அது போதும்.

இன்னொன்றும் எழுதச் சொல். 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் நேதாஜி படை அதிகாரிகள் மூன்று பேரை பிரிட்டிஷ்காரர்கள் விசாரணைக்கு நிறுத்தினார்கள்: ஷா நவாஸ் கான், சேகல், தில்லோன். இம்பாலுக்குப் போன படையில் இருந்தவர் ஷா நவாஸ். தில்லோன் ஐராவதிக் கரையில் நின்றவர், சேகல் பக்கத்தில் போப்பா மலையைப் பிடித்து வைத்திருந்தவர். தோற்ற சண்டைக்கு நாடே தெருவில் இறங்கியது. ஆயுள் தண்டனை விதித்துவிட்டு, 1946 ஜனவரியில் அதை ரத்து செய்ய வேண்டி வந்தது. அடுத்த மாதமே பம்பாயில் கடற்படைக்காரர்கள் கலகக் கொடி தூக்கினார்கள். உங்கள் அப்பா அப்போது தோட்டத்துக்குத் திரும்பி, விடிகாலையில் பழையபடி மரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்தச் சேதியெல்லாம் அவர் காதுக்கு வந்ததா என்று ஒரு நாள்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோமே. எனக்கு அதுதான் வலிக்கிறது.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்கு வருகிறோம், மூன்று நாள் உன் வீட்டில்தான் தங்கல். அப்பாவின் அந்தப் பழைய இடுப்புப் பட்டையை எங்கே வைத்திருக்கிறாய் என்று தேடி எடுத்து வை. பேரனை அதற்கு முன்பே எனக்குப் போன் பண்ணச் சொல், பாகான் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டித் தருகிறேன்.

அன்புடன்,
சுப்பையா