பிடுங்கிவிடாதே, அம்மு

சென்னை,
பிப்ரவரி 24

அன்புள்ள அம்முவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். வேலியோரம் காய்ந்த குச்சிகள், மேலே சாம்பல் நிற வானம். "க்ளெமாடிஸ் செத்துப்போச்சுப்பா, சனிக்கிழமை பிடுங்கிடறேன். இந்த வீட்ல எதுவுமே பிழைக்காது போல" என்று எழுதியிருந்தாய். அந்தக் கடைசி வரி என்னைத் தூங்கவிடவில்லை. போனில் பேசினால் பாதியில் உனக்கு வேலை வந்துவிடும். அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். நிதானமாகப் படி.

க்ளெமாடிஸ் பூக்கொடி சாகவில்லை. பிடுங்காதே.

குளிர்காலத்தில் அது அப்படித்தான் இருக்கும், இலையெல்லாம் கொட்டிச் சுள்ளிக்கட்டு மாதிரி. நம்முடையது ஜாக்மனி ரகம். 1862இல் இங்கிலாந்தில் வோக்கிங் பக்கம் ஜாக்மன் நர்சரியில் உருவானது. அத்தனை வருஷமாக அந்த நாட்டுக் குளிரைப் பார்த்த கொடி உன் லீட்ஸ் ஊர்ப் பனிக்கா சாகும்? கிட்டே போய், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கணுக்களைப் பார். இரண்டு பக்கமும் அரிசி மாதிரி ஏதாவது தடித்திருந்தால் அதுதான் துளிர் மொட்டு.

தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஜூனில் குழி தோண்டும்போது, "ஏம்ப்பா இவ்வளவு ஆழம்?" என்று கேட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? தொட்டியில் இருந்ததைவிட மூன்று விரற்கடை கூடுதலாக இறக்கினோம். அடிக்கணுக்கள் மண்ணுக்குள் இருந்தால், மேலே என்ன ஆனாலும் கீழிருந்து முளைத்துவிடும். ஆகஸ்டில் அதை நீயே பார்த்தாய். ராத்திரி வரை நன்றாக இருந்த ஒரு தண்டு காலையில் துவண்டு, இலைக் காம்பெல்லாம் கறுத்துப்போனது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நீ வாளி வாளியாக ஊற்றினாய். அது வாடல் நோய், பூஞ்சையால் வருவது. பெரிய பூ ரகங்களை அதிகம் பிடிக்கும். தரையோடு வெட்டிக் குப்பையில் போட்டோம். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அதே இடத்தில் மண்ணைக் கீறிக்கொண்டு ஒரு முளை வந்தது.

சரி, இப்போது செய்ய வேண்டியது கவாத்து. மார்கழியில் அம்மா குண்டுமல்லித் தொட்டிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இலையை உருவிவிடுவாள். சின்ன வயதில் அதைப் பார்த்து எத்தனை தடவை அழுதிருக்கிறாய்! இந்த வருஷமும் வெட்டினாள். இப்போது மாசியில் மொட்டை மாடி முழுக்கத் துளிர். ஜாக்மனிக்கும் அதே கணக்குதான், புதுக் கிளையில்தான் பூ. பிப்ரவரி கடைசியில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு, நல்ல மொட்டு ஜோடிக்கு மேலே வெட்ட வேண்டும். கையுறை போட்டுக்கொள், அதன் சாறு பட்டால் தோல் எரியும். பக்கத்து வீட்டில் மே மாதம் வேலியை மூடிக்கொண்டு இளஞ்சிவப்பாகப் பூக்கிறதே, அது மொன்டானா என்ற இன்னொரு க்ளெமாடிஸ், நம் இமயமலைக் கொடி. அது பழைய கிளையில் பூப்பது. அதை இப்போது வெட்டினால் இந்த வருஷப் பூ போச்சு. அவர்கள் வெட்டவில்லையே என்று பார்த்து நீயும் சும்மா இருந்துவிடாதே.

வேரடியில் நாம் வைத்த தட்டைக் கற்கள் இருக்கின்றனவா? தலைக்கு வெயிலும் காலுக்கு நிழலும் வேண்டும் அதற்கு. துளிர் தலைகாட்டியதும் நத்தைகள் வரும். ராத்திரி டார்ச்சோடு போய்ப் பொறுக்கிவிடு.

ஜூலை சாயங்காலங்களில் அந்த வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேனே, எதைப் பார்த்தேன் தெரியுமா? பாகற்கொடிக்கு இருக்கிற சுருள்கம்பி இதற்குக் கிடையாது. இலைக் காம்புதான் கை. நாம் கட்டிய தூண்டில் நரம்பில் ஒரு காம்பு உரசியது. மறுநாள் கொக்கி போல வளைந்திருந்தது. அடுத்த நாள் ஒரு முழுச் சுற்று. பிறந்த அன்று நீ என் சுண்டுவிரலைப் பிடித்த பிடி அது. வேலிக் கட்டை அதன் பிடிக்குள் அடங்காது, அதனால் நரம்பை அவிழ்த்துவிடாதே.

இங்கே வைக்க நான் ஆசைப்படாமல் இல்லை. ஊட்டியிலிருந்து ஒரு கன்று கொண்டுவந்து, அடித்தொட்டிக்கு ஈரச்சாக்கெல்லாம் சுற்றி வைத்தேன். கத்திரி வெயில் தொடங்கிப் பத்து நாளில் போய்விட்டது. குளிரில் ஓய்ந்து கிடந்து எழுந்தால்தான் அதற்குத் தெம்பு. சென்னையில் அந்த ஓய்வுக்கு எங்கே போவது? எனக்கென்று இருக்கிற ஒரே க்ளெமாடிஸ் உன் வேலியில் இருப்பதுதான், அம்மு.

சனிக்கிழமை உனக்குக் காலை பத்து மணி என்றால் எங்களுக்கு மதியம் மூன்றரை. சாப்பிட்டுவிட்டுத் தயாராக இருப்போம். நீயும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெளியே வா. போனை வேலிப்பக்கம் சாய்த்து வை. எந்தக் கணுவுக்கு மேலே வெட்டணும் என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா